இரண்டாம் கியரில் நின்ற வண்டி

உள்ளே வரும்போதே வாகுஷ்டி சொன்னார்:
"பெட்டி போச்சு."
மூன்று பட்டறைகளில் அப்படித்தான் கையை விரித்திருக்கிறார்கள்.
நான்காவதாக நானும் சொல்லிவிட்டால்
அவருக்கு நிம்மதி.

திபிலீசியில் அன்று பெய்தது
மழையும் இல்லை, பனியும் இல்லை,
நடுவில் ஏதோ ஒன்று.
தகரக் கூரை அதை எப்படி ஒலிப்பது என்று தெரியாமல்
முணுமுணுத்தது.
பழைய மெர்சிடிஸ். பின்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது.
ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்போது அப்படி ஆகிறது?
"எப்போதும்."
எப்போதும் என்று ஒரு பழுது கிடையாது.
குளிரிலா, சூடேறிய பிறகா?
ஏற்றத்திலா, இறக்கத்திலா?
மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?

வாகுஷ்டி தாடையைச் சொறிந்தார்.
"அனனூரி தாண்டி ஏறும்போது ஒரு குத்து.
யாரோ பின்னால் வந்து மோதின மாதிரி.
அப்புறம் இரண்டாம் கியர்தான், கடைசி வரை.
பின்னால் டிரக்குகள் அலறும்.
லமாரா என் காலைக் குறை சொல்லுவாள்."

அணைத்துவிட்டு மறுபடி போட்டால்?
"நல்லாப் போகும். ஒரு மணி நேரம்."

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.
தேய்ந்த கிளட்ச் தேய்ந்ததுதான்,
சாவியைத் திருப்பினால் வளர்ந்துவிடாது.
நடுவழியில் பயந்துபோய்
"இனி இரண்டாவது மட்டும்" என்று அடம்பிடிப்பது
யோசிக்கிற ஏதோ ஒன்று.

ஜேமல் ஸ்கேனரைப் பிடித்துக்கொள்ள
ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று. வெண்ணெய்.
நான்கு. வெண்ணெய்.
திரும்பி வரும் மேட்டில், அந்தக் குத்து.
ஜேமலின் பல் நாக்கில் பட்டது.
திரையில், ஓடுகிற வண்டிக்குள்
ஒரு சக்கரத்தின் வேகம் பூஜ்யம்.

பொய்.
யார் சொல்லும் பொய்?

பயணியின் காலடிக் கம்பளத்தைத் தூக்கினேன்.
கணினிப் பெட்டி. அதன் பிளக்கைக் கழற்றி
மூக்கருகே வைத்தேன்.
எண்ணெய்.
கியர்பாக்ஸிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால்,
எண்ணெய்க்கு வேலையே இல்லாத இடத்தில்,
ஒவ்வொரு துளையிலும் சிவப்பாய் ஒரு பொட்டு.

கீழே, பெட்டியின் பக்கவாட்டில்
பதின்மூன்று ஊசிகள் நுழையும் ஒரு பிளாஸ்டிக் குப்பி.
அதன் ரப்பர் வளையம் இறுகி விரிந்திருக்கிறது.
அந்த வழியே,
விளக்குத் திரியில் ஏறுவதைப் போல,
செம்புக் கம்பியின் உள்ளே,
காதும் காதும் வைத்தாற்போல்
ஆண்டுக்கணக்காக ஏறி வந்திருக்கிறது.

"வளையமா?" என்றார் வாகுஷ்டி.
வளையம், குப்பி, கம்பியைக் கழுவ ஒரு மாலை நேரம்.
புது எண்ணெய், அளவு பார்த்து.
விலையைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

வெளியே போய் டிக்கியைத் திறந்து காட்டினார்.
பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி
ஒரு கியர்பாக்ஸ்.
ருஸ்தாவி சந்தையில் வாங்கியது.
மைத்துனரிடம் கடன்.
"வாங்கியாச்சு. இதையே மாட்டிவிடுங்களேன்."

நல்லதைக் கழற்றிவிட்டு
யாருடையது என்றே தெரியாததை மாட்டச் சொல்கிறார்.
நான் பேசாமல் கை துடைத்தேன்.
ஜேமல் மட்டும் விரிப்பின் முனையை விலக்கிப் பார்த்து,
"இதுலயும் அதே வளையம்தான்" என்றான்,
"இன்னும் பழசு."

இருட்டிய பிறகு வண்டி தயார்.
மேட்டில் மூன்று முறை ஏற்றினேன்.
மூன்றிலிருந்து நான்குக்கு எப்போது போனது
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது அவர் தொலைபேசி அடித்தது.
அதை என்னிடம் நீட்டி,
கண்ணால் ஏதோ கெஞ்சினார்.
"மாத்தியாச்சா?" என்றாள் லமாரா.
மாத்தியாச்சு என்றேன்.
எதை என்று அவள் கேட்கவில்லை.

பின்பக்கம் தாழ, அனனூரி சாலையில்
இரண்டு கியர்பாக்ஸ்களோடு ஏறிப் போனார் வாகுஷ்டி.
ஒன்று வேலை செய்தது.